தெருவுக்கு மட்டும் நான் அக்கா

குழந்தைகள் பாதுகாப்பில் களப்பணி பார்க்கிறவர்களுக்கு, வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே பாதி வேலை. ஒரு வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினால் போதும், ‘புள்ளையைப் புடிச்சுட்டுப் போக வந்திருக்கா’ என்று தெருமுனை வரை சேதி போய்விடும். அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று நாம் வெளியே மூச்சுவிடக் கூடாது. அதனால் நாம் யார் என்று வீட்டுக்காரர்களே ஒரு கதை கட்டிவிடுவார்கள். வீடு வீடாக ஏறி இறங்கும் நர்சம்மாக்களே, அங்கன்வாடி டீச்சர்களே, உங்களுக்கும் இந்தக் கொடுமை தெரியும்தானே?

பெண் பார்த்த படலம்

கட்டுமாவடியில் ஒரு பையன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் படகுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் அம்மாவிடம் மன்றாடி, அவளும் சரி என்று சொல்லி (இப்போது ஒன்பதாவது படிக்கிறான், கணக்குதான் உதைக்கிறது), சந்தோஷமாக வெளியே வந்தால் வாசலில் நாலைந்து பெண்கள். என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறேன் என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். என்னிடம்தான் சொல்லவில்லை! “பொண்ணப் புடிச்சிருக்கா?” என்று ஒருத்தி கேட்டதும்தான் எனக்கு விளங்கியது. “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று சமாளித்தேன். அவள் முகம் சுண்டிப்போச்சு.

“ஊருக்குப் போயி லெட்டர் போடுறேங்கிறதும் இதுவும் ஒண்ணுதானே! புடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ தாயி!”

எனக்கொரு தங்கச்சி

வல்லத்திராக்கோட்டை செல்வராணி கதை வேறு. கணவர் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். நூல் மில்லில் வேலை. மில் வேன் அவளை இறக்கிவிட ஏழரை ஆகும். மகள் நிவேதாவுக்கு ஒன்பது வயது, மகன் தருணுக்கு ஆறு. பள்ளிக்கூடம் விட்டால் ரெண்டும் தனியாகக் கிடக்கும். ஒருநாள் தருண் கண்மாயில் இறங்கி, யாரோ பார்த்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. ரெண்டு பேரையும் ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று ஆபீஸில் வந்து அழுதாள். எங்களுக்கு இல்லம் என்பது கடைசி வழி. அம்மாவோடவே இருக்க வழி உண்டா என்றுதான் முதலில் பார்ப்போம்.

பார்க்கப் போனேன். எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, “வாக்கா! திருமயத்துலேருந்து இப்பத்தான் வாரியா?” என்று கத்தினாள். திருதிருவென்று முழித்துக்கொண்டு உள்ளே போனேன். கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஆபீஸ்லேருந்து வந்தீங்கன்னா புள்ள வளக்கத் தெரியாதவன்னு எனக்குப் பட்டம் கட்டிருவாங்க. அக்கான்னே இருந்துட்டுப் போங்க.”

ஆடு மேய்ந்த அவரை

எதிர்வீட்டு மாரிக்கண்ணு சாயங்காலமானால் வாசலில் அடுப்பு வைத்து வடை சுடுகிறவள். எங்கேயும் நகர மாட்டாள். அவளைக் கேட்டால் என்ன என்றேன். செல்வராணிக்கு வந்ததே கோபம்! மாரிக்கண்ணுவின் ஆடு இவள் அவரைப் பந்தலை மேய்ந்ததிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். எனக்கும் பொறுக்கவில்லை. “அவரை பெருசா, புள்ளை பெருசா?” என்று கேட்டேவிட்டேன்.

“அவ வாசல்ல போயி நிக்கிறதுக்கு, புள்ளைகளப் பிரிஞ்சு நான் அழுதுக்கிட்டே கெடக்குறேன் மேடம்.”

வாங்கிக் கட்டிக்கொண்டது

வண்டியை எடுக்கும்போது மாரிக்கண்ணு வடை அரிக்கும் சாரணியோடு வந்து மறித்தாள். நிவேதா மூலம் அவளுக்கு விஷயம் போயிருக்கிறது. “நீதான் அக்காவா? நல்லா வண்டியில வாரே, போறே. கூடப் பொறந்தவ புள்ளைகள இல்லத்துக்கு அனுப்பப் போறாளாம், நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?”

ஆபீஸ்காரி என்று தெரிந்திருந்தால் “வாங்க மேடம், வடை சாப்பிடுங்க மேடம்” என்றிருப்பாள். மனசில் இருப்பது வெளியே வந்திருக்காது. உறவுக்காரியைத் திட்டத் தெருவுக்கு உரிமை உண்டல்லவா! எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். தலையைக் குனிந்துகொண்டு, “ஏழரை வரைக்கும் பாத்துக்க ஆளு இல்லைங்களே” என்றேன்.

“எதிர்த்தாப்புல குத்துக்கல்லாட்டம் நான் உக்காந்திருக்கேன், ஆளு இல்லையாம்ல ஆளு!”

பழகிப்போச்சு

செல்வராணி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மாரிக்கண்ணுவைப் பார்த்துச் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் ரெண்டும் புத்தகப் பையோடு எதிர்வீட்டில் ஆஜர். நானும் சும்மா விடவில்லை. அடிக்கடி போய் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். வீட்டுப்பாடம் முடித்தால்தான் வடையாம், தருணுக்கு அது ஒன்றுதான் குறை. கண்மாய்ப் பக்கம் இப்போது போவதில்லை. இல்லத்துப் பேச்சும் அதோடு போச்சு.

கடைசியாகப் போனபோது, “முன்னெல்லாம் மில்லுல மெசினு சத்தத்துக்குள்ள புள்ள அழுகுற மாதிரியே கேக்கும், இப்பக் கேக்குறதில்லக்கா” என்றாள் செல்வராணி. “தெருவுலதான் யாரும் இல்லையே, மேடம்னே கூப்பிடும்மா” என்றேன்.

“பழகிருச்சுக்கா. இனிமே வாய் வராது.”

எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அந்த ரெண்டு பிள்ளைகளையும் அம்மாவோடவே இருக்க வைத்தது, தலையைக் குனிந்துகொண்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த ஒரு திட்டுதான்.