சைகோன் தங்கச்சி

டக், டக், டக். சிமெண்டுத் தரையில் மரம் மோதுகிற அந்தச் சத்தத்தை ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவள் என் தங்கச்சி லான். கட்டையைச் செதுக்கி, மேலே சிவப்பு வார் ஒன்றை வைத்து ஆணியடித்த செருப்பு. பெரியவர்களிலேயே பாதிப்பேர் வெறுங்காலோடு நடந்த தெருவில், ஆறு வயசுப் பெண் ஒருத்தி நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி செருப்புப் போட்டு நடந்தால் சும்மா விடுவார்களா? ‘டக்குடக்கு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரைச் சொன்னதற்காக மூன்று பேரை நான் அடித்திருக்கிறேன். ஒருத்தனிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன்; அதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

அவள் வந்த கதை இதுதான். அப்பாவுக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கப்பலேறி சைகோனுக்குப் போய்த் துணிக்கடை வைத்திருந்தவர், வியட்நாம் சண்டை முடிந்து அந்த ஊர் கைமாறியதும் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் எங்கள் ஒற்றை அறை வீட்டில் வந்து இறங்கினார். எங்களுக்கு அவர் ‘சைகோன் பெரியப்பா’. பெரியம்மா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழை ராகம் போட்டுத்தான் பேசுவார். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால், இங்கே சில மாதம் தங்கிவிட்டுப் பிரான்சுக்குப் போவது அவர்கள் திட்டம். அவர்களோடு ஐந்தாவது ஆளாக வந்தவள்தான் லான். அவர்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த வியட்நாம்காரப் பெண்ணின் மகள். தாய் காய்ச்சலில் போய்விட, கேட்க நாதியில்லாத பிள்ளையை விட்டுவர மனசில்லாமல் ஏதோ ஒரு துண்டுச் சீட்டை வைத்து இங்கே வரை கூட்டிவந்துவிட்டார் பெரியப்பா. அந்தச் சீட்டு பிரான்சு வரைக்கும் செல்லாது.

வந்த மறுநாள் காலை, முதல் ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியது. அப்பாவும் அம்மாவும் மில்லில் வேலை பார்த்தார்கள். அம்மாவுக்கு நூல் சுற்றுகிற இடத்தில் வேலை. எங்களுக்குச் சங்கு என்றால் சோற்றுத் தூக்கை எடுக்கிற நேரம், அவ்வளவுதான். லானோ அதைக் கேட்ட மாத்திரத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டு “மா, மா” என்று கத்தினாள். அவள் ஊரில் சங்கு ஊதினால் குண்டு விழும் என்று பிறகுதான் பெரியம்மா சொன்னார். வாசற்படி தாண்டியிருந்த அம்மா அந்தக் குரலுக்குத் திரும்பியது, தூக்கைக் கீழே வைத்தது, கட்டிலுக்கடியில் தானும் நுழைந்து அந்தப் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டது. அதற்குள் மில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அப்பா மட்டும்தான் அன்று வேலைக்குப் போனார்.

அன்று தொடங்கியது அம்மாவின் பெருமை. குழாயடியில் நின்றால் அதே பேச்சு. “வந்த மறுநாளே என்னைய மான்னு கூப்ட்டுச்சி. ஒங்க புள்ளைங்க எத்தினி மாசம் கழிச்சிக் கூப்ட்டுச்சி?” ஆறு வயசுப் பிள்ளையைக் கைக்குழந்தைகளோடு ஒப்பிடுகிறோமே என்கிற கூச்சமெல்லாம் அம்மாவுக்குக் கிடையாது.

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். பத்து வருஷமாக ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன் நான். சட்டியிலிருந்து வருகிற முதல் தோசை இனிமேல் அவளுக்கு என்றால் எப்படி இருக்கும்? ஒரு நாள் அந்தக் கட்டைச் செருப்பில் ஒன்றை எடுத்துக் கூரையில் செருகிவிட்டேன். அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கால் டக், மறு கால் சத்தமில்லை என்று நாள் முழுக்க நொண்டியபடி நடந்தாள். சாயங்காலம் நானே எடுத்துக் கொடுத்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிராயச்சித்தம் மாதிரிதான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன், ‘பசிக்குது’ என்பேன். அவள் ‘பசிக்குடு’ என்பாள். ஒரு மாதம் போராடி அந்த ‘டு’வை ‘து’ ஆக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார். “எங்க நாலு பேருக்கும் பாப்பியே இருக்கு, தம்பி. இதுக்கு இல்ல. சிஸ்டருங்க நடத்துற விடுதில கேட்டு வெச்சிருக்கேன், சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.” ‘பாப்பியே’ என்றால் பிரெஞ்சில் காகிதங்கள். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தது, நிமிரவேயில்லை. “விடுதி எதுக்கு? நாம சாப்புடறத அதுவும் சாப்புட்டுப் போவுது” என்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் டக்கு டக்கென்று பாண்டி ஆடிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். பிறகு “சரி” என்றார். மனுஷன் நாளுக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். அந்த ஒரு ‘சரி’யை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா வந்து நியாயம் பேசினார். “எடுக்கறதுதான் எடுக்கற, ஒரு ஆம்பளப் புள்ளயா பாத்து எடுக்கக் கூடாதா?” அதற்கு அம்மா, “அதான் ஒண்ணு இருக்குதே, அது கிழிக்கறது பத்தாதா?” என்று என்னைக் கை காட்டியது.

ஆனால் வீட்டில் ‘சரி’ என்றால் சட்டத்துக்குப் போதாது. பிள்ளைக்குப் பெரியப்பாதான் பொறுப்பாளர். கோர்ட்டு அனுமதித்தால்தான் அவர் எங்களுக்குத் தத்துக் கொடுக்க முடியும். அவர் பயணத்துக்கோ பத்தே நாள்தான் இருந்தது. அதற்குள் அனுமதி கிடைக்காவிட்டால் லான் விடுதிக்குத்தான் போவாள் என்று வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். மனுவில் பேர் எழுதும்போது, “நல்ல பேரா மாத்திக்கலாமே” என்று அவர் கேட்டதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அது அவங்கம்மா வெச்ச பேரு. அதுல நான் கை வெக்க மாட்டேன்” என்றது. அப்படியும் டைப் அடித்தவர் ‘லானம்மாள்’ என்று அடித்துவைத்தார். அது இன்றைக்கும் அவள் ரேஷன் கார்டு வரை துரத்துகிறது.

கோர்ட்டுக்கு நானும் போனேன். அப்பா துவைத்த வேட்டி, அம்மா கல்யாணப் புடவை. நீதிபதி வயசானவர், மெதுவாகத்தான் பேசினார். “வேற நாட்டுக் குழந்தை, பாஷையும் தெரியாது. உங்ககிட்ட ஒட்டுமா?” என்று அம்மாவைக் கேட்டார். இந்தக் கேள்விக்குத்தானே அம்மா ஊரெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்தது. “வந்த மறுநாளே என்னைய மான்னு கூப்ட்டுச்சிங்க ஐயா.”

மொழிபெயர்க்க நின்றிருந்த பெரியம்மா பொய் சொல்லத் தெரியாதவர். கையைப் பிசைந்துகொண்டு, “ஐயா, அது தமிழ் இல்லீங்க. எங்க ஊர்ல அம்மாவுக்கு மான்னுதான் சொல்றது. செத்துப்போன அவங்கம்மாவத்தான் கூப்ட்டிருக்கும்” என்றார்.

அம்மாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததேயில்லை. இத்தனை மாதம் குழாயடியில் அளந்த பெருமையெல்லாம் வேறொருத்தியுடையது என்றால்? எனக்குப் பெரியம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. எல்லாம் போச்சு, விடுதிதான் என்று நினைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தது.

“எனக்கு அது தெரியாதுங்க ஐயா. அது யார வேணா கூப்ட்டிருக்கட்டும். திரும்பிப் பாத்தது நான்தான். இன்னி வரைக்கும் நான்தான் திரும்பிப் பாக்கறேன்.”

நீதிபதி பிள்ளையின் பக்கம் திரும்பி, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கச் சொன்னார். பெரியம்மா அவள் பாஷையில் கேட்டார். லான் அவரைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். காலையிலிருந்து காத்துக் கிடந்த பிள்ளை. கட்டைச் செருப்பு டக்கு டக்கென்று கோர்ட்டு முழுக்கக் கேட்க நடந்துபோய், அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“மா, பசிக்குது. போலாம்.”

அந்த ‘பசிக்குது’ நான் சொல்லிக்கொடுத்தது. ‘து’ அவ்வளவு சுத்தமாக விழுந்தது. நீதிபதி அனுமதியில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துக்கொண்டே, “முதல்ல பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க” என்றார். வெளியே வந்து டீக்கடையில் ஆளுக்கொரு பன்னும் டீயும் சாப்பிட்டோம். லான் என் பன்னிலும் பாதியைத் தின்றாள். மிச்சத்தையும் அவளிடமே நீட்டினேன்.

பெரியப்பா குடும்பம் விமானம் ஏறியது. லான் வளர்ந்தாள், செருப்பு வளரவில்லை. எண்பதுகளில் எங்கள் தெருவிலிருந்து லாஸ்பேட்டைக் கல்லூரிக்கு சைக்கிளில் போன முதல் பெண் அவள்தான். இன்றைக்கு மூலக்குளத்தில் வீடு, அரசுப் பள்ளியில் வாத்தியார் வேலை. தமிழ்தான் சொல்லிக்கொடுக்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள். புதுசாகப் பார்க்கிறவர்கள், “மேடம், நீங்க மணிப்பூரா?” என்பார்கள். “ரெட்டியார்பாளையம்” என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மில்லை மூடிவிட்டார்கள், சங்கு ஓய்ந்து வருஷக்கணக்காகிறது. அம்மா பரணில் பத்திரப்படுத்தியிருந்த கட்டைச் செருப்பைக் கரையான் தின்றுவிட்டது. வார் மட்டும் இருக்கிறது. அப்பா முன்பே போய்விட்டார். போன வருஷம் அம்மாவும் போனது. கருமாதி முடிந்து சில நாள் கழித்து லான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “உங்க பாஷை கொஞ்சமாவது ஞாபகம் இருக்குதா?”

“எல்லாம் மறந்துபோச்சிண்ணே. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். அத டெய்லி பேசிக்கினு இருந்தேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “இனிமே அத யாருகிட்டப் பேசறது?” என்றாள். 

உள்ளேயிருந்து அவள் மகள், “மா” என்று கூப்பிட்டாள். லான் திரும்பிப் பார்த்தாள்.