ஏறாத மலைக்கு ஒரு பதக்கம்

சீனாவில் ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சிவரை நான் ஏறியிருக்கிறேன் என்று என் மச்சான் இருக்கும் மெட்டுகுடாவில் பாதிப் பேர் இன்றும் நம்புகிறார்கள். உச்சியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அடிவாரத்தைப் பற்றிக் கேளுங்கள், அங்கிருந்த டீக்கடை முக்காலிக்கு எந்தக் கால் ஆடும் என்பதுவரை சொல்வேன்.

எண்பதுகளின் கடைசி அது. தெலுங்குச் சீமையில், பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளன். லேத்திலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அளக்காமல் ஒரு திருகாணிக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் பிற்பாடு ஒரு முழு மலைக்கே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு உயரம் என்றால் பயம். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் என் மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஆலோசனை சொல்வேன். அவள் அண்ணன் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் இருந்தார், அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். கல்யாணப் பேச்சு நடந்தபோது என்னை ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். பலகை இடுக்குகளில் தண்டவாளம் தெரிந்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடிதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

"பாலம் தாண்ட மாட்டாதவரு குடும்பத்த எப்டி தாண்டுவாரு?" என்று அவர் அன்றைக்கே வீட்டில் கேட்டாராம். என் மனைவி அண்ணனை எதிர்த்துப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதற்குப் பதினாலு வருடமாக அவள் அனுபவித்தாள். எந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனாலும், "இன்னா மாப்ள, பாலம் ஆடுதா?" என்ற கேள்வியோடுதான் ரசம் வரும். நான் கூடவே சிரித்துவிடுவேன். அவள் தலை குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெளிநாட்டுப் பயணம் என்று வந்தால் ருஷ்யாவும் ஜெர்மனியும் பெரிய அதிகாரிகளுக்குப் போய்விடும். சீனாவில் ஒரு இயந்திரத்தைப் பார்த்துவர ஆள் வேண்டும் என்றபோது யாரும் கை தூக்கவில்லை. பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டம் எனக்கு என்று வீராப்பாகச் சொல்லி நான் கிளம்பினேன். போன இடத்தில் பதினைந்து நாளும் சோறும் வெந்த முட்டைக்கோசும்தான் தின்றேன் என்பது வேறு விஷயம். கூட வந்தவர் ஒரு தெலுங்குக்கார நண்பர், எதற்கும் பயப்படாதவர். மச்சான் தன்னுடைய காமிராவைக் கொடுத்து, "மலை கிலை பாத்தா கீழ நின்னாவது ஒண்ணு எடுத்துக்கினு வாங்க மாப்ள" என்று வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களை அந்த மலைக்குக் கூட்டிப் போனார்கள். பஞ்சை உதறிப் போட்ட மாதிரி மேகம், அதற்குள்ளிருந்து மூக்கை நீட்டும் பாறைகள், பாறையில் தொற்றிக்கொண்டு ஊசியிலை மரங்கள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். உச்சிக்குப் போகும் படிகளைப் பாறையில் வெட்டி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருந்தார்கள். சங்கிலியைப் பார்த்ததுமே நான் உட்கார இடம் தேட ஆரம்பித்தேன்.

மொழிபெயர்ப்புக்கு வந்த பெண் உச்சியில் ஒரு பாறையைக் காட்டிக் கதை சொன்னாள். வெளியூர் போன கணவனைப் பார்க்க ஒருத்தி தினமும் அங்கே ஏறி நின்றாளாம். அவன் வரவேயில்லை. நின்று நின்று கல்லாகிவிட்டாளாம். நம் ஊரில் கல்லாக வேண்டுமென்றால் முனிவர் யாராவது சாபம் கொடுக்க வேண்டும், அங்கே கட்டியவனே போதும் போலிருக்கிறது. அவன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கதையில் அது இல்லை என்றாள். எனக்கென்னவோ அவனும் அடிவாரத்தில் எங்காவது டீ குடித்துக்கொண்டிருந்திருப்பான் என்று தோன்றியது.

வயிற்றுவலி என்று சொல்லி டீக்கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நண்பர் காமிராவைக் கேட்டார். இரவல் பொருள், கை மாறக் கூடாது என்று மறுத்துவிட்டேன். பொழுது போக வேண்டுமே, முப்பத்தாறு படத்தையும் அங்கேயே எடுத்துத் தீர்த்தேன். டீக்கடை அம்மா, கெட்டில், முதல் படி, மறுபடியும் டீக்கடை அம்மா. அந்த அம்மாவும் காமிராவை வாங்கி, நான் டீ குடிப்பதை நாலு படம் எடுத்தாள். சாயங்காலம் நண்பர் இறங்கி வந்து என் கையில் ஒரு பதக்கத்தைப் போட்டார். சிவப்பு நாடாவில் கோத்தது. உச்சி ஏறியவர்களுக்கு மேலேயே பெயர் பொறித்துத் தருவார்களாம். பாவம் என்று என் பெயரையும் பொறித்து வாங்கி வந்திருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பதக்கம்தான் என் மனைவி கையில் முதலில் அகப்பட்டது. பெயரைத் தடவிப் பார்த்தாள். "நீங்களா ஏறுனீங்க?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பதக்கம் ஷோகேஸுக்குப் போனது. அடுத்த ஞாயிறு மெட்டுகுடாவில் பாலம் ஆடவில்லை. மச்சானே எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிலிம் ரோலைத் தொலைத்துவிடலாம் என்று நான் தேடுவதற்குள் அவள் அதை ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. கடைசியில் அண்ணனிடம் அவளே சொன்னாள்: "ரோலு பாழாப் பூட்ச்சாம்ணா. வெளிச்சம் பட்டுட்ச்சாம்." கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பியது அன்றுதான். நம்பிய கையோடு ஸ்டுடியோக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டவும் திட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ரயில்வே ஆட்கள் வருடா வருடம் மௌலா அலி குன்றுக்கு வேண்டிக்கொண்டு போவார்கள். பாறைக் குன்று, உச்சியில் தர்கா. "சைனா மலயவே பாத்தவரு, வராம இருப்பாரா?" என்று மச்சான் கேட்க, என் மனைவி முந்திக்கொண்டு, "ஹவ், வருவாரு" என்று உள்ளூர்ப் பாணியில் ஆமாம் போட்டுவிட்டாள்.

பாதிப் படிவரை எப்படியோ போய்விட்டேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்ததுதான் தப்பு. கீழே ரயில் பெட்டிகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மச்சான் பாறைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். முன்னால் போன என் மனைவி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எய்ந்திருங்க."

"முடியல. வயிறு சரியில்ல."

அண்ணன் போன பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு, "அந்த டீக்கடை அம்மாவுக்கு முன்னால ஒரு பல்லு இல்ல, இல்ல?" என்றாள்.

டீக்கடையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"முப்பத்தாறு போட்டோவும் பாத்துட்டேன். அரிசி டிரம்முக்கு அடில கீது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நேரா அண்ணங்கிட்டப் போயி ஒத்துக்கினு இருப்பீங்க. பாலத்துக்குப் பதினாலு வருசம் சிரிச்சாங்க. இனிமே மலைக்கும் சிரிப்பாங்க. எனக்குத் தாங்காதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணங்கிட்ட நான் பொய்யே சொன்னதில்ல. உங்களுக்காக சொல்லிட்டேன். இதயாச்சும் ஏறுங்க. இங்கயே குந்தினு கல்லா ஆவறதுக்கு என்னால ஆவாது, காலு நோவுது."

கல்லானவள் கதையை ஏறி வந்தவன் மாதிரி அவளிடம் சொன்னதும் நான்தான். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் ஏறினேன், அதுவும் கையையும் காலையும் ஊன்றி, நாலு காலில். முன்னால் போன அவள் குதிகாலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கடைசி வளைவில் நின்று, "பேண்ட தட்டிக்குங்க, அண்ணன் கீறாரு" என்றாள். தட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

மச்சான் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். "இன்னா மாப்ள, சைனா மலை ஒசரமா, இது ஒசரமா?"

"இதுதான் மச்சான்."

"பாரு, கொஞ்சமாச்சும் பெருமை கீதா மனுசனுக்கு!" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸைத் திறந்து பதக்கத்தை எடுத்தாள். தூசியை முந்தானையில் துடைத்து, என் கழுத்தில் மாட்டினாள்.

"இப்ப போட்டுக்குங்க," என்றாள்.