எட்டுக் கிலோ சட்டம்

ஆட்களை மலையேறக் கூட்டிப் போகும் தொழிலில் மலையால் எனக்கு வந்த தலைவலி கம்மி. பையால் வந்ததுதான் ஜாஸ்தி. நீங்களும் ஊருக்குப் போகப் பை கட்டியவர்கள்தானே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

காரைக்குடியிலிருந்து மாதம் ஒருமுறை பத்துப் பேரை வேனில் ஏற்றிக் கொடைக்கானல் பக்கம் கூட்டிப் போகிறேன். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். போன வருசம் கொத்தமங்கலத்து அலமேலு ஆச்சி பதினாலு கிலோ பையோடு வந்தார்கள். அறுபதை நெருங்குகிறவர்கள், ஆசைப்படுகிறார்களே என்று பேசாமல் விட்டேன். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். துணைக்கு ஓர் ஆளோடு கீழே அனுப்பினேன். திரும்பித் திரும்பி உச்சியையே பார்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

அன்றைக்குப் போட்டதுதான் எட்டுக் கிலோ சட்டம். முதல் நாள் சாயங்காலம் என் கடையில் கொக்கித் தராசில் பையைத் தொங்கவிடுவேன். எட்டைத் தாண்டினால் மலை கிடையாது, வேனில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தத் தடவை ஆச்சி மறுபடியும் பேர் கொடுத்திருந்தார்கள். எப்படியாவது அவர்களை உச்சியில் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கும் ஒரே வீம்பு.

பேர் வெட்டிய தூக்கு

முதலில் வந்தவர் இரும்புக் கடை மெய்யப்பன் அண்ணன். பை பத்துக் கிலோ. பிரித்தால், துணிக்கு நடுவே பட்டுக் குழந்தை மாதிரி ஓர் எவர்சில்வர் தூக்கு. நிறைய அதிரசமும் சீப்புச்சீடையும். மேலே போய் எல்லாருக்கும் கொடுப்பாராம். “அண்ணே, பலகாரம் வரட்டும், தூக்கு வேண்டாம். ஒரு கவர்ல போட்டுக்கங்க” என்றேன்.

என்னவோ அவர் வீட்டுக் கதவைக் கழற்றச் சொன்ன மாதிரி பார்த்தார். மூடியைத் திருப்பி, அதில் வெட்டியிருந்த பேரை விரலால் தடவிக் காட்டினார். எனக்குப் பொறுமை போய், தூக்கை வாங்கி என் பையிலேயே வைத்துக்கொண்டேன். அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை.

“பாய், கவர்ல குடுத்தா இது யாரு வீட்டுப் பலகாரம்னு எப்படித் தெரியும்?”

மூன்றும் பதிமூன்றும்

அடுத்தது அமராவதிபுதூர்த் தம்பதி. புருசன் பை மூன்று கிலோ. சம்சாரம் செல்வராணி டீச்சர் பை பதிமூன்று. “சார், ரெண்டையும் கொட்டிச் சரிபாதியாக் கட்டுங்க” என்றேன். அந்த மனுசன் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பழக்கமில்லை என்றார்.

டீச்சர் கொட்டினார்கள். சார் சட்டை, சார் ஸ்வெட்டர், சார் தைலம், சார் தலையணை. டீச்சருடையது என்று பார்த்தால் ஒரு சுடிதாரும் சீப்பும். தலையணையையும் பாதித் துணியையும் கடையில் வைத்துவிட்டு, மிச்சத்தைச் சார் பைக்கே மாற்றி எட்டில் நிறுத்தினேன். டீச்சர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“இருபது வருசமா இவுக என் பையிலதான் குடியிருக்காக, பாய். இன்னைக்குத்தான் காலி பண்ணியிருக்காக.”

ஆச்சியின் டப்பா

கடைசியாக ஆச்சி. பத்துக் கிலோ. எனக்குத் திக்கென்றது. பிரித்துப் பார்த்தால், பாவம், எல்லாம் அளவோடுதான் இருந்தது. ரெண்டு கிலோ டப்பா ஒன்றுதான் உபரி. அதைத் தொட்டதும் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தம்பி, அது எனக்கில்லை, உங்களுக்கு. போன தடவை உங்க சோத்துப் பொட்டலத்தை எனக்குக் குடுத்துட்டு, வெறும் பிஸ்கட்டோட மேல போனீக. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்த மாதிரித் துடைத்துக்கொண்டு, டப்பாவை என் பையில் திணித்தேன். ஆச்சி பை எட்டில் நின்றது. நான் மூச்சு விடுவதற்குள், ஆச்சி தராசை எடுத்து என் பையில் மாட்டித் தூக்கினார்கள். கயிறு, மருந்துப் பெட்டி, மெய்யப்பன் தூக்கு, ஆச்சி டப்பா. பன்னிரண்டு. ஆச்சி முள்ளைக் குனிந்து பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“உங்க சட்டப்படி நீங்கதான் வேன்ல உக்காரணும், தம்பி. வழியச் சொல்லுங்க, நாங்க போயிட்டு வந்துர்றோம்.”

மறுநாள் ஆச்சி முதல் ஆளாக உச்சியில் நின்று கையாட்ட, மெய்யப்பன் பேர் வெட்டிய தூக்கு முதுகில் இடிக்க இடிக்கக் கடைசி ஆளாக ஏறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சட்டம் போடுங்கள், தராசை மட்டும் அடுத்தவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள்.