கால்மணிக்கொரு அலாரம்

வாப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் ஓடிப்போய்ப் பெருநாள் சட்டையை உடுத்திக்கொண்டேன். எட்டு வயதில் எனக்கு அது ஒரு பயணம். கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதிலிருந்து வான் வண்டி பிடித்து, மலையெல்லாம் ஏறி இறங்கி, நாட்டின் மறுகரைக்குப் போகிற பயணம்!

மாடிக் கட்டடத்தில் மேசன் வேலை செய்யும்போது விழுந்து முள்ளந்தண்டு அடிபட்ட வாப்பா, அந்த ஆஸ்பத்திரியில்தான் ஏழு மாதம் இருந்து பயிற்சி எடுத்து, சக்கர நாற்காலியில் வீடு வந்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அசையாமல் இருந்தால் புண் வரும், வந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே கால்மணிக்கொரு தடவை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். உம்மாவின் ஃபோனில் அலாரம் வைத்து, "வாப்பா, தூக்குங்க!" என்று கத்துவது என் உத்தியோகம். அதில் எனக்கிருந்த மிடுக்கு கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? விடிகாலை சுபஹ் தொழுகையிலிருந்து இரவு இஷா வரை சுகம் விசாரிக்க ஆட்கள். ஆப்பிளும் பிஸ்கட்டும் குவிந்தன. அவர்கள் முன்னால் அலாரம் அடித்தால் வாப்பா வேண்டாமென்று எனக்குக் கண்காட்டுவார். நான் அதை நிறுத்திவிட்டு பிஸ்கட் பக்கம் போய்விடுவேன். ஒரே மாதத்தில் புண் வந்துவிட்டது.

வானுக்குள் மெத்தை போட்டு வாப்பாவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நானும் பக்கத்தில் குப்புறப் படுத்து, மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவுக்கும் கூச்சல் போட்டுக்கொண்டே போனேன்.

வார்டில் இருந்த தாதி மட்டக்களப்புப் பக்கத்து ஆள். புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா எலும்புக்குப் போயிருக்கும். தூக்கச் சொன்னதெல்லாம் மறந்து போச்சா?"

"ஓம் மிஸ், மறந்துட்டன்," என்றார் வாப்பா.

என் உத்தியோகத்துக்கே இழுக்கு! விடுவேனா?

"இல்ல மிஸ்! நான் ஒவ்வொரு தரமும் சொன்னன். ஆக்கள் இருந்தா வாப்பாதான் வேணாமெண்டு கண்காட்டுவாரு!"

தாதி என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மா வாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுகம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அவரோடு மாடி மாடியாக ஏறி வேலை செய்த மேசன்மார். அவர்கள் பார்த்திருக்க ஒரு சாண் எழும்பப் பாடுபடுவதை விட, மறதிக்காரன் என்று பேர் வாங்குவது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. அந்த வெட்கத்தைத்தான் வார்டுக்கே கேட்கும்படி போட்டுடைத்துவிட்டேன் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.