வெள்ளையம்மாள் ஓடையில் சொன்ன பதில்

அரியூர் நாட்டு மூப்பரே, நீங்கள் சபையில் பொய் சொன்னீர்கள். வெள்ளையம்மாளின் ஞானஸ்நானத்தைக் கெடுத்தது நான் அல்ல. நீங்கள்தான்.

வேற்றுச் சபையில் வேலைக்குப் போகும் இளைய ஆசிரியர்கள் நடந்ததைத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் பிறந்த சபையில் கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். கொல்லிமலையில் எனக்கு வேலை கொடுத்த மிஷனில் அது செல்லாது. வளர்ந்தவர்கள் தாங்களே விசுவாசித்து ஓடையில் முழுக வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து மலையேறிப் போய்ச் சேர்ந்த அன்றே, மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டேன். தங்கள் பாடத்தை மாற்றாமல் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மூப்பரும் பக்கத்தில்தான் நின்றார்.

பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம், முழுக்குக்கு ஆயத்தமாகும் பெரியவர்களுக்கு உபதேச வகுப்பு. அதில் வெள்ளையம்மாள் ஒருத்தி. சாமை விதைக்கிறவள். எதையும் முகத்துக்கு நேரே கேட்பாள்.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க எந்த ஓடையில முங்குனீங்க?" என்றாள் ஒருநாள்.

முங்கவில்லை, குழந்தையாக இருந்தபோது தலையில் தெளித்தார்கள் என்றேன்.

"அப்ப உங்களுக்குத் தலை மட்டும் நனைஞ்சாப் போதும், எங்களுக்குச் சீலையெல்லாம் நனையோணுமாக்கும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அது என் சபையின் வழக்கம், நீங்கள் சேரப்போவது இந்தச் சபையில் என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். பாடத்தின் முதல் கேள்வி, சொந்த மனதோடு தண்ணீரில் இறங்குகிறாயா என்பது; ஓடையிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மனதில் இல்லாத பதிலைச் சொல்லாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். அது என் உபதேசம் அல்ல மூப்பரே, உங்களுடையது.

அறுப்பு நெருங்கியது. புதுச் சாமையைத் தன் குலசாமிக்குப் பொங்கிப் படைக்காமல் மனம் ஒப்பவில்லை, முழுக்கைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று வெள்ளையம்மாள் மூப்பரிடம் கெஞ்சினாள். நான் அங்கேதான் இருந்தேன்.

"தொரைகிட்டப் பேரெல்லாம் குடுத்தாச்சு கண்ணு. கேட்டா ஆமாங்கன்னு சொல்லிப்போடு. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் மூப்பர்.

ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் தண்ணீரில் நின்றவளிடம் துரை முதல் கேள்வியைக் கேட்டார்.

"இல்லீங்க. இன்னும் மனசு வரலீங்க" என்றாள். கரையேறி வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.

துரை மூப்பரைப் பார்த்தார். மூப்பர் என்னைக் காட்டினார். தெளிப்புச் சபைக்காரன் தன் உபதேசத்தைச் சொல்லி அவள் மனதைக் கலைத்துவிட்டான் என்றார். அந்த வாரமே என்னை மலையைவிட்டு இறக்கிவிட்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேற்றுச் சபையில் சொல்லித்தருகிறவன் அவர்கள் உபதேசத்தை முழுதாகச் சொல்லித்தர வேண்டும். தன்னுடையதைக் கேட்டால் மறைக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். நாளைக்கே கூப்பிட்டாலும் அப்படித்தான் செய்வேன்.

மூப்பரே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முன் எழுந்து நில்லுங்கள். வெள்ளையம்மாளையும் வரச் சொல்லுங்கள். அவளை "ஆமாங்க" சொல்லச் சொன்னது யார்? அவள் காது கேட்கப் பதில் சொல்லுங்கள்.