மிட்டாயோட பின்னங்கால்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். ஸ்கூல் லேப்ல இருபது வருஷமா எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டிட்டு இருக்கேன், எனக்கென்ன பயம்? இதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, ஆனா முழுசா கேட்டுட்டுச் சிரிங்க.

எங்க வீட்டுக்காரர் அந்தோணி, சர்க்கரைக்காரர். சொன்னா கேக்காம, மக கல்யாணத்துக்கு நேந்துகிட்டு, கைலாசபுரத்துலேருந்து வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோட நடந்துட்டு வந்தாரு. வந்ததுலேருந்து வீட்டுக்குள்ளயும் சாக்ஸ். கேட்டா பித்தவெடிப்பாம், களிம்பு போட்டிருக்காராம்.

அடுத்த வாரம் எங்க பூனை மிட்டாய் ஜன்னலோரமா மல்லாந்து கிடக்கு. அதுக்கு நாலு பாதமும் ரோஸ் கலர்ல இருக்கும். அன்னைக்குப் பார்த்தா இடது பின்னங்கால்ல, ஓரத்துல இருக்குற குட்டி மெத்தை மட்டும் கத்திரிக்காய் நிறம். மறுநாள் கருப்பு. கூடையில தூக்கிப் போட்டுக்கிட்டு துவாக்குடியில மாட்டு டாக்டர்கிட்ட ஓடினேன். அமுக்கிப் பார்த்துட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு"ன்னாரு. கருப்பா இருக்கே சார்னா, எனக்கு அப்படித் தெரியலையேங்கிறாரு!

வீட்டுக்கு வந்து நானே நகத்தால அழுத்திப் பார்த்தேன். நம்பினா நம்புங்க, காலைத் தொட்டாலே பிறாண்டுற ஜந்து, அசையவே இல்ல. என் மூஞ்சியவே பார்த்துட்டு கிடந்துச்சு. மரத்துப்போன காலு மாதிரி. சுரீர்னு உறைச்சுது எனக்கு.

நேரா ஹாலுக்குப் போயி, சாக்ஸைக் கழட்டுங்கன்னேன். "அடியே ஜெசி, பூனைக்குக் காலு கருத்தா எனக்கென்னடி?"ன்னு சிரிச்சாரு. விடுவேனா? முழங்கால் மேல ஏறி உக்காந்து உருவிட்டேன். இடது காலு, சுண்டுவிரலுக்குக் கீழ, அதே இடம், அதே கருப்பு, உள்ள ஒரு கண்ணாடிச் சில்லு. புண்ணைப் பார்த்திருக்காரு, வலிக்கலையாம். மாதாவுக்காக நடந்த காலு, அவளே பார்த்துப்பான்னு இருந்திருக்காரு மனுஷன்! நான் போட்ட கத்துல பக்கத்து குவார்ட்டர்ஸே கூடிடுச்சு.

இன்னும் நாலு நாள் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்திருக்கணும்னாங்க ஆஸ்பத்திரியில. சில்லை எடுத்து, கருத்த சதையை வெட்டித் தைச்சாங்க, இப்ப நல்லா நடக்குறாரு. அவருக்குத் தையல் பிரிச்ச அன்னைக்கே மிட்டாயோட மெத்தையும் பழையபடி ஆயிடுச்சு.

அதுலேருந்து தினமும் மிட்டாயோட நாலு பாதத்தையும் பார்த்துட்டுத்தான் எனக்குக் காபி. போன திங்கக்கிழமை வலது முன்னங்கால்ல கருப்பு. இவரோட கையும் காலும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்னுமே இல்ல.

நேத்து லேப்ல கொதிக்கிற பீக்கரை எடுத்து மேசையில வச்சேன். பிள்ளைங்க "மிஸ், கை!"ன்னு அலறுதுங்க. என் வலது உள்ளங்கை வெந்து போயிருக்கு. சத்தியமா சொல்றேன், எனக்குச் சூடே தெரியல.

எனக்குச் சர்க்கரை இருக்கான்னு இதுவரைக்கும் பார்த்ததே இல்லங்க. நாளைக்குக் காலையில முதல் டோக்கன் என் பேருலதான், பார்க்காம விடமாட்டேன். மிட்டாய் இப்பவும் என் மடியிலதான் படுத்திருக்கு, அந்த முன்னங்காலை என் விரல் மேல வச்சுக்கிட்டு. வச்சிருக்குன்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்.