மகளின் பையில் இருந்த வைஃபை டப்பா

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெள்ளை டப்பா அது. கடைக்காரர் ‘பாக்கெட் வைஃபை’ என்று சொல்லி விற்றார். எங்கள் வீட்டில் அதற்கு டப்பா என்றுதான் பெயர். என் மகளின் உயிர் அதற்குள் இருக்கிறது என்று நம்பி, அது எங்கே இருக்கிறது, சார்ஜ் இருக்கிறதா, சூடாகிவிட்டதா என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டே இருப்பேன்.

மகளுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையில் அடங்குவது இல்லை. சாப்பிடும்போதெல்லாம் ஊசி போட்டாக வேண்டும். மேல்கையில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது சர்க்கரையை அளந்து பக்கத்தில் இருக்கும் அவள் போனுக்குச் சொல்லும். அவள் போன் இணையம் வழியாக என் போனுக்குச் சொல்லும். அளவு ஏறினால் கொஞ்சம் பொறுக்கலாம். இறங்கினால் பொறுக்க முடியாது. முதலில் வேர்க்கும், பிறகு தூக்கம் போல மயக்கம் வரும், அதற்குப் பிறகு வருவதை டாக்டர் சொன்னபோது நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

“பொம்பளப் புள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? நமக்குள்ளயே இருக்கட்டும்” என்றார் வீட்டுக்காரர். நானும் சரி என்றேன். எங்கள் ஊரான கோம்பையில் ஒரு தெருவில் சொன்னால் அடுத்த தெருவுக்கு நாம் போய்ச் சேரும் முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் மகளுக்கு முழங்கைவரை கை வைத்த சட்டை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சருக்கு மட்டும் தெரியும். அளவு ரொம்ப ஏறினாலோ இறங்கினாலோ அவள் போன் அலறும் என்பதால் அதன் வாயையும் அடைத்துவைத்தோம். அலாரம் என் போனில் மட்டும் அடிக்கும். யாருக்கும் தெரியாமல் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஏற்பாடு.

அவள் போனில் சிம் கிடையாது. பெண் பிள்ளைக்குச் சிம் எதற்கு, கெட்டுப்போவாள் என்று அதற்கும் வீட்டுக்காரர் தடை போட்டார். போனில் சிம் இருந்தால் கெட்டுப்போகிற பெண், டப்பாவில் சிம் இருந்தால் கெடமாட்டாளாம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் கற்றாரோ தெரியவில்லை. சண்டை போடத் தெம்பில்லாமல் டப்பாவை வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு ஒட்டிக் கிடந்தால் சூடாகி அணைந்துவிடும். அதனால் பையின் வெளிப்பக்க வலைப் பைக்கு மாற்றினேன். கொஞ்ச நேரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் தானாகத் தூங்கிவிடும். அதைத் தூங்கவிடாமல் செய்ய அதன் செட்டிங்கில் ஒரு இடம் இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்து மாற்றினேன். சொந்தக்காரப் பிள்ளைகள் வந்தால் ஆளாளுக்கு அதில் ஒட்டிக்கொண்டு படம் பார்ப்பார்கள், என் மகளுக்கு இடம் இருக்காது. பாஸ்வேர்டை மாற்றினேன். சிக்னல் முழுசாக இருக்கும், நெட் வராது. அப்போது அணைத்து, சிம்மைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டால் சரியாகும். ஒருநாள் எதற்கும் மசியவில்லை. ஓரத்தில் இருக்கும் பொடி ஓட்டைக்குள் ஊக்கால் அழுத்தி ரீசெட் செய்தேன். உயிர் வந்தது. ஆனால் நான் மாற்றி வைத்ததெல்லாம் அழிந்து கம்பெனியில் செய்தபோது இருந்த நிலைக்குப் போய்விட்டது. எல்லாவற்றையும் திரும்ப மாற்றினேன், எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

போன சித்திரையில் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பக்கம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். எங்கள் பக்கம் ‘மேலே’ என்றால் கம்பம்மெட்டு ஏறி அந்தப்புறம். காலையில் ஜீப்பில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற இடம். அது இன்னொரு மாநிலம் என்பது செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தும்போது மட்டும் எங்களுக்கு ஞாபகம் வரும்.

இரண்டு வண்டி புறப்பட்டது. வேனில் நாத்தனாரும் மற்றப் பெண்களும் பிள்ளைகளும், சீர்த்தட்டுகளோடு. பின்னால் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வாடகைப் பாத்திரங்கள், மளிகை, அடுப்பு. ஓட்டுவது வீட்டுக்காரர், பக்கத்தில் நான். மகளை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “சரி, போய்த் தொலை” என்று வேனில் ஏற்றிவிட்டேன். ஊசி போட்டு நாலு இட்லி சாப்பிட்டிருந்தாள். டப்பா வலைப் பையில் இருந்தது. பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

கம்பத்தில் பாத்திரக்கடைக்காரர் ஒரு அண்டாவைக் காணாமல் தேடியதில் நாங்கள் பின்தங்கிவிட்டோம். வளைவு ஏறும்போது என் போனில் மகளின் அளவு எண்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. அம்புக்குறி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த எண் வரவில்லை. எண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள் வந்து நின்றன.

டப்பா சூடாகியிருக்கும், இப்போது வந்துவிடும் என்று கால் மணி நேரம் எனக்கே சொல்லிக்கொண்டேன். வரவில்லை. என் போனில் நெட் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அப்போதுதான் அந்தக் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. கேரளாவுக்கு வரவேற்கிறதாம். சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரோமிங் குறி.

என் போனில் ரோமிங் எப்போதோ திறந்துவிடப்பட்டிருந்தது. டப்பாவில் கடைக்காரர் திறந்துவிட்டிருந்தது ரீசெட் செய்தபோது மூடிக்கொண்டிருக்கிறது. நான் சூட்டைப் பார்த்தேன், தூக்கத்தைப் பார்த்தேன், பாஸ்வேர்டைப் பார்த்தேன். மேலே போனால் வேறு டவர் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவர் வீட்டுக்காரருக்கு மூத்தவர், வாய்க்குப் பயந்து தெருவே ஒதுங்கும். வண்டி இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

“என்னத்தா, எங்கன வாரீக?”

“வந்துக்கிட்டே இருக்கோம் மதினி. பாப்பா என்ன செய்யுறா? அவ பையில ஒரு வெள்ள டப்பா இருக்கும்…”

“வளவுல வளவுல தலையச் சுத்தி, தின்னதெல்லாம் வாந்தி எடுத்துட்டா. இப்பத் தூங்குறா. நீ ஒண்ணும் பயப்படாத, நாங்க…”

லைன் அறுந்துவிட்டது.

ஊசி உள்ளே இருக்கிறது, இட்லி வெளியே போய்விட்டது, அம்புக்குறி கீழே பார்த்தது, பிள்ளை தூங்குகிறாள். அது தூக்கமா, மயக்கமா? வேனில் இருக்கும் யாருக்கு அந்த வித்தியாசம் தெரியும்? தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று பாவம் பார்த்து ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை எல்லாம் என் காலடியில் மளிகை மூட்டையில் கிடக்கிறது.

திரும்பப் போட்டேன். போகவில்லை. திரும்பவும் போட்டேன். மணி அடித்தது, யாரோ எடுத்த மாதிரி ஒரு கரகரப்பு. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

“மதினி, அவளுக்குச் சுகர் இருக்கு! ஊசி போடுறா! தூங்க விடாதீக, எழுப்பி வாயில சீனியப் போடுங்க, மதினி, கேக்குதா?”

இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாததைத் தொண்டை கிழியச் சொல்லிவிட்டேன். பதிலுக்கு ஒரு பெண் குரல், நிதானமாக, மலையாளத்தில் பேசியது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்களாம். நான் சொன்னதைக் கேட்டது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன், ரத்தமே இல்லை.

“திரும்பப் போடு” என்றார். “யார் எடுத்தாலும் சொல்லிரு. வேன் டிரைவர் எடுத்தாலும் சொல்லிரு.”

அதற்குப் பிறகு போன் யாருக்குமே போகவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி அலறின. எதிரே ஜீப் வந்து வழி விட நிற்கும்போதெல்லாம் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. சாமியை எல்லாம் கூப்பிட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. மகள் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. தூக்கத்திலும் சிரிக்கிற பிள்ளை அவள்.

செக்போஸ்ட் தாண்டியதும் கடைவீதியில் வேன் நின்றது. வண்டி நிற்கும் முன்பே குதித்தேன். செருப்பு ஒன்று எங்கோ போனது.

மகள் வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். விழித்துக்கொண்டு. மடியில் ஒரு சீர்த்தட்டு. மஞ்சள் கண்ணாடித்தாள் கிழிந்து தொங்கியது, கற்கண்டுப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. புது வீட்டு வாசலில் கொடுக்கும்வரை விரல் படக்கூடாத தட்டு. நாத்தனார் திராட்சையை ஒவ்வொன்றாகப் பிய்த்து அவள் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இடது கையில் மகளின் போன் இருந்தது.

“நூத்திப் பத்துக்கு வந்துருச்சு” என்றார் என்னைப் பார்த்து. “அறுபத்தஞ்சுக்குப் போனப்ப எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. அதான் தட்டப் பிரிச்சுட்டேன். கொஞ்சம் ஏறவும் அசந்துட்டா, அப்பத்தான் நீ கூப்புட்ட. சொல்றதுக்குள்ள போன் போயிருச்சு.”

எனக்கு விளங்கவே நேரம் பிடித்தது.

“மதினி, உங்களுக்கு எப்பிடி…”

“போன வருசம் சுருளி அருவிக்கு எங்ககூட வந்தாள்ல, அப்பவே சொல்லிட்டா. இங்கன இருக்குற எல்லாருக்கும் தெரியும். சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டா, உம் மக.”

மகளைப் பார்த்தேன். அவள் திராட்சைக் கொட்டையைக் கையில் துப்பினாள்.

“அன்னைக்கு டப்பா சூடாகி நின்னுபோச்சும்மா. உனக்கு நம்பர் போகலேன்னு தெரிஞ்சதும் ரொம்பப் பயமாயிருச்சு. மயங்கி விழுந்தா யாருக்குமே தெரியாதுல்ல. அதான் அத்தைகிட்டச் சொன்னேன்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீ ஏற்கனவே பயந்துக்கிட்டே இருக்க.”

என் பயத்தைப் பார்த்துப் பார்த்து, தன் பயத்தை என்னிடமிருந்தே ஒளித்துவைத்திருக்கிறது பிள்ளை. அடிக்கத் தோன்றியது, கட்டிக்கொள்ளத் தோன்றியது. அந்த இடத்தில் நின்றபடியே அழுதேன். வீட்டுக்காரர் நான் தொலைத்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார்.

டப்பாவை எடுத்து, என் போனை அதில் இணைத்து, உள்ளே போய் ரோமிங்கைத் திறந்துவிட்டேன். அரை நிமிஷ வேலை. பச்சை விளக்கு எரிந்தது. பிறகு மகளின் போனை வாங்கி, அடைத்துவைத்திருந்த அலாரத்தின் சத்தத்தை முழுசாக ஏற்றினேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது வீட்டில் பால் பொங்கப் போகிற நேரம். எல்லோரும் பானையையே பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றோம். அப்போது மகளின் போன் அலறியது. கற்கண்டும் திராட்சையும் சேர்ந்து இப்போது அளவு உச்சிக்கு ஏறிவிட்டது. இரண்டு ஊர்ச் சொந்தமும் திரும்பிப் பார்த்தது. என்ன சத்தம், யார் போன் என்று கேள்வி எழும்பியது.

“எம் மக போன்தான்” என்றார் வீட்டுக்காரர். குரல் கொஞ்சம் தடுமாறியது, ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். “அவளுக்குச் சுகர் இருக்கு. ஊசி போடணும். கொஞ்சம் வழி விடுங்க.”

வழி விட்டார்கள். மகள் அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள், நான் பயப்படுகிறேனா என்று. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஊசிப் பையை எடுத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் அவளிடம் போனேன். அவள் சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டிக்கொண்டு நின்றாள்.